கிருமியே இல்லாமல் கட்டைவிரல் ஏன் வீங்குகிறது?

கேள்வி: எனக்கு வயது 52. ஆறு மாதத்தில் இது இரண்டாவது முறை. விடியற்காலை மூன்று மணிக்கு வலது கால் கட்டைவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்கிவிடுகிறது. போர்வை பட்டாலே உயிர் போகிறது. போன முறை ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள், பத்து நாளில் சரியாயிற்று. இந்த முறை ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் 13,000, யூரிக் ஆசிட் 8.4. ‘கிருமி இல்லை, இது கவுட்’ என்கிறார் டாக்டர். கிருமி இல்லையென்றால் வெள்ளை அணுக்கள் ஏன் கூடின? எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டதா? மச்சான் ‘இம்யூனிட்டி பொடி’ வாங்கி வந்திருக்கிறார், சாப்பிடலாமா? பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறேன்.

பதில்: எதிர்ப்பு சக்தி குறையவில்லை. வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துபோனவர்களுக்கு நிஜமாகவே கிருமி புகுந்தாலும் பல நேரம் சீழ் பிடிக்காது, பெரிதாகச் சிவக்கவும் செய்யாது. உங்கள் விரலில் நடப்பது நேர் எதிர்.

காலில் முள் குத்தினால் சில மணி நேரத்தில் அந்த இடம் சிவந்து சூடாகிறதல்லவா? அது பிறவியிலேயே நம்மோடு வரும் எதிர்ப்பு சக்தியின் வேலை. தடுப்பூசி போட்டுப் பழக்குகிற இன்னொரு பிரிவு ஒவ்வொரு கிருமியையும் அடையாளம் வைத்துக்கொள்ளும். அதற்கு நாள் பிடிக்கும். இது அப்படியில்லை. ‘இங்கே இருக்கக்கூடாதது ஏதோ இருக்கிறது, திசு அடிபடுகிறது’ என்று தெரிந்தாலே போதும், கிளம்பிவிடும். இந்த அவசரம்தான் நம்மைக் காப்பாற்றுகிறது. கவுட்டில் ஆளைப் படுக்கவைப்பதும் அதுதான்.

யூரிக் ஆசிட் என்கிற உடல் கழிவு 100 மில்லி ரத்தத்தில் சுமார் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் முழுதாகக் கரைந்திருக்க முடியாமல் படியத் தொடங்கும். உடலில் குளிர்ச்சியான ஓரம் கால் விரல். அங்கே ஊசி ஊசியான படிகங்களாகச் சேர்கிறது. மூட்டிலேயே குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் என்கிற அணு அதைக் கிருமியைப் போலவே விழுங்குகிறது. கிருமியென்றால் உள்ளே செரித்துவிடும். ஊசி செரியாது, விழுங்கிய பையையே கிழித்துவிடும். உடனே அந்த அணுவுக்குள் ‘இன்ஃப்ளமசோம்’ என்ற அபாய மணி அடிக்கிறது, இன்டர்லூகின்-1 என்கிற அழைப்புச் செய்தி வெளியேறுகிறது. கவுட் படிகங்கள் இந்த மணியை அடிக்கின்றன என்பதை 2006இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வுக்குழு காட்டியது. (கல் உடைப்பவர்களின் நுரையீரலில் சிலிக்கா தூசி செய்வதும் ஏறக்குறைய இதே கதைதான். ஆனால் அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெதுவாக எரிகிற நெருப்பு.)

மணி அடித்ததும் ரத்தக்குழாய்கள் இளகி, நியூட்ரோஃபில்கள் என்கிற வெள்ளை அணுக்கள் மூட்டுக்குள் கொட்டுகின்றன. நல்ல மூட்டு நீரில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 200 வெள்ளை அணுகூட இருக்காது. கவுட் வந்த மூட்டில் பல ஆயிரம் இருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள 13,000 அந்தப் படைதிரட்டலின் எதிரொலி.

அப்புறம், போன முறை ஆன்டிபயாட்டிக்கால் சரியானது என்று நினைக்கிறீர்கள். கவுட் வலி ஒன்றும் கொடுக்காவிட்டாலும் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும். வந்த நியூட்ரோஃபில்கள் மடிந்து, மேக்ரோஃபேஜ்களே அந்தக் குப்பையையும் அள்ளிவிடும். பெயர் மட்டும் மாத்திரைக்குப் போய்விட்டது.

டாக்டர் கோல்ச்சிசின் கொடுத்திருந்தால், அது நியூட்ரோஃபில்கள் நடமாட முடியாமல் செய்கிற மருந்து. நம் செங்காந்தளில் இருப்பதும் இதே கோல்ச்சிசின்தான். திண்டுக்கல், திருப்பூர் பக்கம் விதைக்காகவே அதைப் பயிரிடுகிறார்கள். அதற்காக யாரும் கிழங்கைத் தோண்டித் தின்றுவிடாதீர்கள், உயிரைக் குடிக்கும் விஷம் அது. மாத்திரையிலும் சொன்ன அளவைத் தாண்டக்கூடாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

வலி தணிப்பது ஒரு பாதி. ஆறு மாதத்தில் இரண்டு முறை வந்திருப்பதால் யூரிக் ஆசிட்டை 6க்குக் கீழே கொண்டுவரும் மருந்தைப் பற்றியும் டாக்டரிடம் பேசுங்கள். அதைத் தொடங்கிய முதல் சில மாதம் வலி இன்னும் அடிக்கடி வரலாம். படிகங்கள் கரைந்து கலைகிற நேரம் அது, பயந்து நிறுத்திவிடாதீர்கள். பிரஷர் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். சிறுநீரை அதிகம் போகவைக்கும் சில மாத்திரைகள் யூரிக் ஆசிட்டை ஏற்றும். மாற்றுவதா என்பதை அவர் பார்த்துக்கொள்வார், நீங்களாக நிறுத்த வேண்டாம். பீர், ஈரல், ஆட்டுக்கறி, நெத்திலி, மத்தி எல்லாம் குறையட்டும்.

மச்சானின் பொடியா? ஏற்கெனவே தேவைக்கு மேல் வேலை செய்கிற படையை எதற்கு மேலும் உசுப்ப வேண்டும்? அது உண்மையிலேயே உசுப்புமா என்பதே சந்தேகம். இதுபோன்ற பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு. சாப்பிட்ட மறுநாளே வலி பறந்தால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் முதலில் வரும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. மூட்டு வீக்கத்தோடு நடுக்கமெடுத்துக் காய்ச்சல் வந்தால், அதையும் கவுட் என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். நிஜக் கிருமியும் மூட்டுக்குள் போகலாம், கவுட் இருக்கிற மூட்டுக்குள்ளேயே போகலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் மூட்டு நீரை ஊசியால் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.