விருந்தில் எல்லாருக்கும் தெரிகிற வாசனை எனக்கு மட்டும் தெரியவில்லை, ஈர அட்டைப்பெட்டி வாசனைதான் வந்தது. என் மூக்கில் கோளாறா? சாதாரண வைனை வீட்டுச் சாப்பாட்டோடு எப்படி ரசிப்பது?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் ஒரு பழைய அவமானம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றபடி நான் நிபுணன் கிடையாது. வீட்டில் சமைப்பவன், வாரக்கடைசியில் விலை குறைந்த வைன் ஒரு பாட்டில் திறப்பவன், அவ்வளவுதான்.

உங்கள் நிலைமையை ஊகிக்க முடிகிறது. நண்பர் வீட்டு விருந்தில் ஆளாளுக்கு கிளாஸைச் சுழற்றி "செர்ரி, பிளம், வெனிலா" என்று அடுக்கியிருப்பார்கள். உங்களுக்கு வந்ததோ ஈர அட்டைப்பெட்டி வாசனை. வாயைத் திறந்தால் சிரிப்பார்கள் என்று நீங்களும் தலையாட்டிவிட்டு வந்திருப்பீர்கள். "என் மூக்கில் கோளாறா?" என்று கேட்டிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிதான் என்னைச் சுட்டது. அட்டைப்பெட்டிக்குப் பிறகு வருகிறேன்.

அதற்குமுன், திட்டுவதற்குத் தயாராக இருப்பவர்களுக்கு: குடிக்காத யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. இதயத்துக்கு நல்லது என்கிற பழைய கதையையும் நான் இங்கே அவிழ்க்கப் போவதில்லை. ஏற்கெனவே குடிக்கிறவர் கேட்டார், பதில் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் மனைவியும் நானும் காசு கட்டி ஒரு வைன் சுவைக்கும் வகுப்புக்குப் போனோம். ஆளுக்கு ஆறு கிளாஸ். நாலாவது கிளாஸில் சிரா. ஷிராஸ் என்பார்களே, அதே திராட்சைதான். "இதுல ஒரு வாசனை மூக்குல அறையும், யார் சொல்றீங்க?" என்றார் வகுப்பு எடுத்தவர். என் மனைவிதான் முதல் ஆள்: "மிளகு!" உடனே வரிசையாக எல்லாரும், ஆமாம் மிளகு, நல்லா மிளகு. நான் மூக்கை கிளாஸுக்குள் விட்ட வேகத்தில் மூக்குநுனியே நனைந்துவிட்டது. ஜாம் மாதிரி ஏதோ பழம் வந்தது. மிளகு வரவே இல்லை.

"எனக்கு வரலை சார்."

"சளி பிடிச்சிருக்கா?"

"இல்லையே."

"அப்ப அடுத்த தடவை மூக்கையும் கூட்டிட்டு வாங்க."

மொத்த வகுப்பும் சிரித்தது. மனைவியும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்ததுகூடப் பரவாயில்லை.

ரொம்ப நாள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. சிராவில் வரும் அந்த வாசனைக்குக் காரணம் ரோட்டண்டோன் என்கிற பொருள், மிளகுக்கு மணம் தருவதும் அதே பொருள்தான் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் கண்டுபிடித்து எழுதினார்கள். சிவப்பு வைனில் லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே போதும், மூக்குக்குத் தெரிந்துவிடுமாம். ஆனால் அவர்கள் சோதித்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, வெறும் தண்ணீரில் எக்கச்சக்கமாகக் கலந்து கொடுத்தபோதும் அது தெரியவே இல்லை. சிலர் மூக்கு அப்படி. சமைக்கும்போது எனக்கு மிளகு தெரிகிறதே என்று குழம்பியிருக்கிறேன். நாக்கில் உறைப்பது பைப்பரின், அது வேறு பொருள். இத்தனை வருடமாக மிளகின் உறைப்பை மட்டும்தான் ரசித்து வந்திருக்கிறேன் போல.

அந்தக் கட்டுரையின் சுருக்கத்தை அச்செடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மனைவி படித்துவிட்டு, "சரிங்க, உங்க மூக்கு வந்துச்சு, பாதிதான் வந்துச்சு" என்றாள்.

ஆகவே, அடுத்தவர் மூக்கை வைத்து உங்கள் வைனைக் குடிக்காதீர்கள். அந்த அடுத்தவர் மூக்கும் ஒன்றும் சுத்தத் தங்கம் இல்லை. பிரான்ஸின் போர்தோவில் வைன் படிப்பு படித்த 54 பேருக்கு, வெள்ளை வைனில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்த சோதனை ஒன்று 2001-இல் வெளியானது. சிவப்பு வைனுக்குச் சொல்லும் வார்த்தைகளையே அவர்களும் வரிசையாக எழுதினார்கள். அவர்களைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை, நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். கண் சொல்வதை மூக்கு தட்டுவதில்லை.

சரி, சாப்பாடு. வாசனைப் பட்டியலை விட்டுவிட்டு நாக்குக்குத் தெரியும் நான்கு விஷயங்களை மட்டும் கவனியுங்கள் என்பேன்: புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு, தொண்டையில் இறங்கும் சூடு. துவர்ப்பு டேனின் என்கிற பொருளால் வருவது. அது திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கிறது, எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, அதனால்தான் வாய் வறண்ட மாதிரி இழுக்கிறது. சூடு ஆல்கஹால்.

சமையலறையிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். இருப்பதிலேயே முரட்டுத்தனமான சிவப்பு வைனை ஒரு வாய் குடியுங்கள். ஈறு இழுக்கும். பிறகு எலுமிச்சைத் துண்டில் விரல்நுனி அளவு உப்பைத் தொட்டு நக்கிவிட்டு, முகச்சுளிப்பு அடங்குவதற்குள் அதே வைனை இன்னொரு வாய். வேறு பாட்டிலைத் திறந்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்ப்பீர்கள், அவ்வளவு மெத்தென்று இருக்கும். உணவில் உப்பும் புளிப்பும் இருந்தால் வைனின் கசப்பும் புளிப்பும் அடங்கிவிடும். வாயைக் கொப்பளித்துவிட்டு, கேக்கோ சாக்லேட்டோ ஒரு கடி கடித்துவிட்டுக் குடியுங்கள். அதே வைன் வெடுக்கென்று புளிக்கும். வகுப்பில் ஆறு கிளாஸில் கற்றதைவிட இந்த மூன்று வாயில் நான் கற்றது அதிகம்.

அதனால் எங்கள் வீட்டுப் பழக்கம்: சாப்பாட்டுக்கு முன் ஒரு வாய், சாப்பாடு ஒரு கவளம், மறுபடி ஒரு வாய். இரண்டாவது வாய் முதலாவதைவிட நன்றாக இருந்தால் ஜோடி சேர்ந்துவிட்டது. கெட்டுப்போனால் அடுத்த தடவை வேறு. ஒரு நோட்டில் ஒரே வரி எழுதினால் போதும்.

ஜோடி சேராமல் போனதற்கும் கதை இருக்கிறது. வகுப்பில் பட்ட அவமானத்தைத் துடைக்க, மிளகாய் தூக்கலாகப் போட்டுக் கோழி செய்தேன். காரத்துக்குக் கனமான வைன்தான் தாங்கும் என்று நானே முடிவு கட்டி, 14.5 சதவீத ஆல்கஹாலும் நல்ல டேனினும் உள்ள சிவப்பு ஒன்றைத் திறந்தேன். மனைவி இரண்டாவது வாயிலேயே தண்ணீர்ச் செம்பைப் பிடித்துவிட்டாள். எனக்குக் காதுவரை எரிந்தது, கௌரவத்துக்காகச் சாப்பிட்டு முடித்தேன். மிளகாயின் எரிச்சலை உணரும் அதே நரம்பு ஏற்பியை ஆல்கஹாலும் தூண்டிவிடுகிறது. காரத்தை அணைக்கப் போய் எண்ணெய் ஊற்றியிருக்கிறேன். மறுநாள் மிச்சக் கோழியோடு ரீஸ்லிங் என்கிற லேசாக இனிக்கும் ஜெர்மன் வெள்ளை வைன், ஆல்கஹால் 9 சதவீதம்தான், நன்றாகக் குளிரவைத்துக் குடித்தோம். இனிப்பு காரத்தைத் தட்டிக்கொடுத்தது, புளிப்பு எண்ணெயை அறுத்தது. "இது நேத்தே தெரியாதா?" என்று கேட்டாள். கேட்பாள்தான்.

மீனுக்கு வெள்ளை என்று சொல்வதை வெறும் பந்தா என்று நினைத்திருந்தேன். அதில் விஷயம் இருக்கிறது. சில சிவப்பு வைன்களில் இரும்புச்சத்து கூடுதலாக இருக்கும், அது மீனின் கொழுப்போடு சேர்ந்து வாயில் கவிச்சியைக் கிளப்புகிறது என்று 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். எல்லாச் சிவப்பும் அப்படி இல்லை, அதனால் "நான் சிவப்போடுதான் மீன் சாப்பிடுகிறேன், நன்றாகத்தான் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். மொறுமொறுப்பாக வறுத்த மீனுக்குப் புளிப்பான வெள்ளையோ, நுரைக்கும் வைனோ கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

இரும்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மீன் வறுக்க எங்கள் வீட்டில் ஒரு கனத்த இரும்பு வாணலி இருந்தது, வருடக்கணக்கில் எண்ணெய் காட்டிப் பழக்கியது. ஒரு விருந்துக்கு என்று உறவினர் ஒருவர் இரவல் வாங்கிப் போனார். இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் அவர் வீட்டுக்குப் போனபோது, அது சோப்பு நுரையில் ஊறிக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். கேட்டதற்கு, "இது உங்களுதா? எங்களுதுன்னுல்ல நெனைச்சேன்" என்கிறார். புத்தகத்தை இரவல் கொடுத்துத் திரும்பி வராவிட்டால் அனுதாபப்பட ஆள் இருக்கிறது. வாணலிக்கு யாருமே இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், மன்னியுங்கள்.

வெப்பநிலையைப் பற்றிச் சுருக்கமாக: சிவப்பை அறை வெப்பத்தில் குடி என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், 15 முதல் 18 டிகிரி போதும். வீடு சூடாக இருந்தால் அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள், விலை குறைந்த வைன் இதிலேயே பாதி திருந்திவிடும். ரொம்பக் குளிர்ந்தால் துவர்ப்பு தூக்கும். மிச்சமாவதைச் சின்னப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி மூடினால், உள்ளே காற்று குறைவு, ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும்.

இப்போது உங்கள் அட்டைப்பெட்டி. அந்த பாட்டிலின் மூடி கார்க்காக இருந்ததா? பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். கார்க்கில் டி.சி.ஏ. என்று ஒரு பொருள் சேர்ந்துவிட்டால் வைனில் அச்சு அசல் இந்த வாசனைதான் வரும்: ஈர அட்டை, நனைந்த செய்தித்தாள், பூட்டிக் கிடந்த அறை. லிட்டருக்குச் சில நானோகிராம் போதும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் பழ வாசனையை எல்லாம் மழுங்கடித்துவிடும். எந்தச் சாப்பாட்டோடு சேர்த்தாலும் தேறாது.

அதாவது, அந்த மேசையில் கெட்ட பாட்டிலைக் கண்டுபிடித்த ஒரே மூக்கு உங்களுடையதாக இருந்திருக்கலாம். மற்றவர்கள் சொன்ன செர்ரி, பிளம், வெனிலா எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமா? அடுத்த முறை நண்பர் வீட்டுக்குப் போகும்போது, பாட்டிலின் பின்பக்க லேபிளை ஒருமுறை படித்துப் பாருங்கள்.