அப்பாவுக்கு ஐசிடி வைக்கச் சொல்கிறார்கள், மனையை விற்றுவிடலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். இப்போதும் அவரே வெல்டிங் பிடிப்பார். இரண்டு வருடங்களுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தோம். இப்போது எக்கோவில் இதயம் பம்ப் செய்யும் அளவு 30 சதவீதம்தான் இருக்கிறது. துடிப்பு திடீரென்று தாறுமாறாகி உயிருக்கே ஆபத்து வரலாம், அப்படி ஆனால் ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் ஐசிடி கருவியை உடலுக்குள் வைத்துவிடுங்கள் என்கிறார் டாக்டர். ஆஸ்பத்திரி எஸ்டிமேட்டில் கருவியும் அதிலிருந்து இதயத்துக்குப் போகும் ஒயரும் 4.10 லட்சம், மற்றவை 1.50 லட்சம், மொத்தம் 5.60 லட்சம். இரண்டு ஒயர் உள்ள மாடல் என்றால் மொத்தம் 7.10 லட்சமாம். ஆறு வருடமாக அப்பா பெயரில் 5 லட்சத்துக்கு மருத்துவ பாலிசி இருக்கிறது. அதில் 20 சதவீதம் நாங்கள் போட வேண்டும், அறை வாடகை நாளுக்கு 5,000 வரைதான். அண்ணன் மனையை விற்றுவிடலாம் என்கிறார். ஆஸ்பத்திரியில் வட்டியில்லாத் தவணை தருகிறோம் என்கிறார்கள். அப்பா பெயரில் இரண்டு லட்சம் வீதம் மூன்று எஃப்.டி. இருக்கிறது. எதைத் தொடலாம்? எல்லாம் முடிந்ததும் வேறு நல்ல பாலிசிக்கு மாறலாமா? வருமான வரியில் ஏதாவது கிடைக்குமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல்

பதில்: முதலில் மனையை விற்கும் பேச்சை நிறுத்துங்கள். அவசரத்தில் விற்கும் மனைக்கு நல்ல விலை வராது. அதோடு, நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களைப் பார்த்தால் உங்கள் கையிலிருந்து போகப்போவது 5.60 லட்சம் அல்ல. பாலிசியைச் சரியாகப் பயன்படுத்தினால் ஒரு லட்சத்துச் சொச்சம்தான். அதற்கு ஒரு எஃப்.டி. போதும்.

கருவி வேண்டுமா வேண்டாமா என்பது டாக்டரின் முடிவு. மாரடைப்புக்குப் பிறகு நாற்பது நாளாவது கழிந்து, குறைந்தது மூன்று மாதம் முழு அளவில் மருந்து சாப்பிட்டும் பம்ப் அளவு 35 சதவீதத்துக்கு மேல் ஏறவில்லை என்றால் ஐசிடி யோசிப்பது வழக்கமான மருத்துவ நடைமுறைதான். சந்தேகம் இருந்தால் இன்னொரு இதய டாக்டரிடம் எக்கோவையும் மருந்துச் சீட்டையும் காட்டுங்கள், தப்பில்லை. ஆனால் பணத்தைக் காரணம் காட்டி மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். பேஸ்மேக்கர் துடிப்பு குறையும்போது தூண்டிவிடும். ஐசிடி அந்த வேலையோடு காவலும் காக்கும். இதயத்தின் கீழறை தறிகெட்டு ஓட ஆரம்பித்தால் முதலில் வேகமான சிறு தூண்டல்களைக் கொடுத்து வழிக்குக் கொண்டுவரப் பார்க்கும், அடங்காவிட்டால் ஷாக் கொடுக்கும். அந்த ஷாக் தேவைப்படும் நேரத்தில் ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க நேரம் இருக்காது.

இப்போது பில்லுக்கு வருவோம். உங்கள் பாலிசியில் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டிய வரி, அறை வாடகை 5,000. நாளுக்கு 8,000 ரூபாய் அறையில் தங்கினால் என்ன ஆகும்? 3,000 ரூபாய் வித்தியாசத்தை மட்டும் நாம் கட்டினால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தகுதிக்கு மேல் அறை எடுத்தால் டாக்டர் கட்டணம், நர்சிங், கருவி பொருத்தும் கேத் லேப் அறையின் கட்டணம் எல்லாவற்றையும் எட்டுக்கு ஐந்து என்ற விகிதத்தில் வெட்டுவார்கள். ரூபாய்க்கு முப்பத்தேழரை காசு போய்விடும்.

ஆனால் வெட்டுவதற்கும் எல்லை உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. உடலுக்குள் பொருத்தும் கருவி, மருந்து, உபயோகித்துத் தூக்கிப்போடும் பொருட்கள், பரிசோதனைகள் ஆகியவற்றின் விலையில் இந்த விகித வெட்டு கூடாது. ஐசியு கட்டணத்திலும் கூடாது. அறைக்கு அறை கட்டணம் மாறாத ஆஸ்பத்திரி என்றால் வெட்டவே கூடாது. உங்கள் பில்லில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு கருவியின் விலை என்பதால், இந்த ஒரு விதி உங்களுக்கு லட்ச ரூபாய்க்கு மேல் பெறும்.

போட்டுப் பார்ப்போம். 8,000 ரூபாய் அறை எடுக்கிறீர்கள், மற்ற செலவான 1.50 லட்சத்தில் மருந்து, பரிசோதனை வகையறா 40,000 என்று வைத்துக்கொள்வோம். சரியான கணக்குப்படி மீதி 1.10 லட்சத்தில் மட்டும்தான் வெட்டு, அதாவது 41,250. எஞ்சிய 5,18,750இல் 80 சதவீதம் கம்பெனி தரும், 4.15 லட்சம். உங்கள் பங்கு 1.45 லட்சம். இதே வெட்டை மொத்த பில்லிலும் போட்டுவிட்டார்கள் என்றால் 2.10 லட்சம் போய், மீதியில் நீங்கள் போட வேண்டிய 20 சதவீதமான கோ-பேயும் கழிந்து, கம்பெனி தருவது 2.80 லட்சம்தான். உங்கள் பங்கும் 2.80 லட்சம் ஆகிவிடும். கவனிக்காமல் கையெழுத்துப் போட்டால் 1.35 லட்சம் நஷ்டம். டிஸ்சார்ஜ் ஆகும் அன்று பில்லைப் பிரித்துப் படிக்கும் மனநிலையில் யாரும் இருப்பதில்லை. அதனால் முன்கூட்டியே ஒருவரை அதற்கென்றே நியமித்துக்கொள்ளுங்கள், உங்கள் அண்ணனே இருக்கட்டும்.

5,000 ரூபாய்க்குள் அறை கிடைத்தால் இந்த வெட்டே கிடையாது. உங்கள் பங்கு கோ-பே மட்டும், 1.12 லட்சம். இரண்டு மூன்று நாள்தான் தங்கப்போகிறார், அதற்கு சாதா அறை போதும். கழிவறை சுத்தமாக இருக்கிறதா, கூட ஒருவர் படுக்க இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இது திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சை. அதனால் நாலைந்து நாள் முன்பே, கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் அனுமதிக்கு எழுதச் சொல்லுங்கள். முழு விண்ணப்பம் போன பிறகு கம்பெனி ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது 2024இல் வந்த விதி. ஆனால் விண்ணப்பம் அரைகுறையாகப் போனால் கேள்வி மேல் கேள்வி வரும். உங்கள் அப்பாவுக்கு இதுவரை மயக்கமோ துடிப்பு நின்றதோ நடக்கவில்லை, வருமுன் காக்கத்தான் கருவி வைக்கிறார்கள். எனவே ‘இப்போது இது எதற்கு’ என்றுதான் முதலில் கேட்பார்கள். எந்தெந்த மருந்து எத்தனை மாதம் சாப்பிட்டார், எக்கோ அளவு என்ன, ஏன் ஐசிடி என்று டாக்டரிடம் லெட்டர்ஹெட்டில் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். பழைய ஆஞ்சியோ, ஸ்டென்ட் டிஸ்சார்ஜ் சம்மரியும் கூடவே போகட்டும்.

கருவி வரும் பெட்டியில் மாடல் பெயரும் சீரியல் எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்று கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள், ஒன்று கிளைமுக்குப் போகும். கருவி வாங்கிய இன்வாய்ஸில் உள்ள எண்ணும் ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், ஓர் எண் மாறினாலும் கிளைம் நிற்கும். நோயாளிக்கு என்று ஓர் அடையாள அட்டையும் தருவார்கள். அதை அப்பா சட்டைப் பையில் வைத்திருக்கட்டும், நீங்கள் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2016இல் செயின்ட் ஜூட் மெடிக்கல் நிறுவனத்தின் சில ஐசிடி மாடல்களில் பேட்டரி எதிர்பாராமல் சீக்கிரம் தீர்ந்துபோகலாம் என்று தெரிந்து, உலகம் முழுக்க எச்சரிக்கை விட்டார்கள். தன்னிடம் இருப்பது எந்த மாடல், எந்த எண் என்று தெரிந்தவர்தான் அப்படிப்பட்ட நேரத்தில் உடனே போய்க் கேட்க முடியும். வாரண்டி விதிகளையும் எழுத்தில் வாங்குங்கள்.

7.10 லட்சம் மாடல் பற்றி: பாலிசி 5 லட்சம்தான் என்பதால் அதில் குறைந்தது 2.10 லட்சம் உங்கள் தலையில் விழும். அப்பாவுக்குத் துடிப்பு குறையும் கோளாறு எதுவும் இல்லை என்றால் மேலறைக்கு இரண்டாவது ஒயர் எதற்கு என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். காரணம் இருந்தால் சொல்வார், அப்போது பணத்தைப் பார்க்காதீர்கள். ‘லேட்டஸ்ட், போனிலேயே பார்க்கலாம்’ என்பது மட்டும்தான் காரணம் என்றால், தூரத்திலிருந்து கண்காணிக்கும் வசதி ஒற்றை ஒயர் மாடல்களிலும் உண்டு. வீட்டில் வைக்கும் டிரான்ஸ்மிட்டருக்குத் தனி விலையா, ஆண்டுக் கட்டணம் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஸ்டென்டுக்கு 2017இல் அரசு உச்ச விலை வைத்தது. ஐசிடிக்கு அப்படி இல்லை. எம்.ஆர்.பி.யை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற கட்டுப்பாடு மட்டும்தான். ஆகவே மாடல் பெயரைக் குறித்துக்கொண்டு சேலத்திலோ கோவையிலோ இன்னொரு ஆஸ்பத்திரியில் விலை கேளுங்கள். பேசிப் பார்க்க இடம் இருக்கிறது.

சரி, உங்கள் பங்குக்கு எது? ஒரு எஃப்.டி.யை முறியுங்கள். முன்கூட்டி முறித்தால் வட்டியில் அரை, ஒரு சதவீதம் குறையும், அவ்வளவுதான். வட்டியில்லாத் தவணை என்பதில் புராசசிங் கட்டணம் எவ்வளவு, ஒரு தவணை தவறினால் என்ன பிடிப்பார்கள் என்று படித்துவிட்டுத்தான் யோசிக்க வேண்டும். கையில் எஃப்.டி. இருக்கும் உங்களுக்கு அது தேவையே இல்லை.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் விஷயம். இது ஒருமுறைச் செலவு அல்ல. ஐசிடியின் பேட்டரி சுமாராக ஏழிலிருந்து பத்து வருடம் வரும். பேட்டரியைத் தனியாக மாற்ற முடியாது, சீல் வைத்த பெட்டியையே மாற்றுவார்கள். ஒயர் நன்றாக இருந்தால் அப்படியே இருக்கும். 1958இல் சுவீடனில் உலகிலேயே முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்ட ஆர்னே லார்சன், 86 வயது வரை வாழ்ந்து 2001இல் வேறு நோயால் இறந்தார். அதற்குள் அவருக்கு மாற்றிய கருவிகள் 26. இன்றைய கருவிகள் எவ்வளவோ மேல், ஆனாலும் உங்கள் அப்பா எழுபதைத் தாண்டும்போது ஒருமுறை மாற்ற வேண்டிவரும். அதற்கடுத்த முறையும் வரட்டும் என்றுதான் நாம் எல்லோரும் விரும்புகிறோம். மாதம் 2,000 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. போடுங்கள். 6.5 சதவீத வட்டியில் எட்டு வருடத்தில் ஏறக்குறைய 2.5 லட்சம் சேரும். பாலிசி போக உங்கள் பங்குக்கு அது தாங்கும். மூன்று, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கருவியைச் சோதிக்கும் செலவு சாதாரண பாலிசியில் வராது, அதைக் குடும்ப பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள்.

இதனால்தான் பாலிசியை மாற்றும் யோசனையை விடுங்கள் என்கிறேன். இப்போது வேறு கம்பெனிக்குப் போனால் அவர்கள் உங்கள் அப்பாவை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இருக்கும் கம்பெனியோ, கிளைம் வாங்கினீர்கள் என்று சொல்லிப் புதுப்பிக்க மறுக்க முடியாது. ஐந்து வருடம் தொடர்ந்து பிரீமியம் கட்டியாகிவிட்டது என்பதால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, முன்பே இருந்த நோயை மறைத்தீர்கள் என்ற வாதமும் எடுபடாது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் பிரீமியத்தை ஆணையத்தைக் கேட்காமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று 2025இல் உத்தரவு வந்திருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரிலிருந்து தனிநபர் மருத்துவ பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. குறைகள் இருந்தாலும் உங்கள் அப்பாவுக்கு இதைவிட உறுதியான பாலிசி இனி வெளியே கிடைப்பது கடினம். புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே போனில் அலாரம் வையுங்கள். ஆண்டு பிரீமியத்தில் சலுகை நாட்கள் முப்பது உண்டு என்றாலும், இடையில் வரும் ஆஸ்பத்திரிச் செலவு அதில் வராது.

கிளைமை அநியாயமாக வெட்டினால் முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் சென்னையில் இருக்கும் காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம், கம்பெனி கைவிரித்த ஒரு வருடத்துக்குள் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். விகித வெட்டு விதியைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

அப்புறம் பட்டறை. ஆர்க் வெல்டிங்கின் மின்காந்தப் புலத்தை ஐசிடி இதயத் துடிப்பு என்று தவறாக எடுத்துக்கொண்டு, வேண்டாத நேரத்தில் ஷாக் கொடுக்கக்கூடும். கருவி வைத்த பிறகு வெல்டிங் பிடிக்கலாமா, எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்பதை டாக்டரிடமும் கருவிக் கம்பெனியின் டெக்னீஷியனிடமும் இப்போதே கேளுங்கள். பெரும்பாலும் ஹோல்டரைக் கீழே வைக்கச் சொல்வார்கள் என்று நினைத்துத் திட்டமிடுவது நல்லது. கட்டிய லாரியை ஓட்டிப் பார்ப்பதும் இனி வேறொருவர் வேலையாக இருக்கட்டும். அப்பா மேற்பார்வைக்கு மாறி ஒரு வெல்டரைச் சம்பளத்துக்கு வைத்தால் மாதம் என்ன மிஞ்சும்? இந்தக் கணக்கை அவரையும் உட்கார வைத்துப் போடுங்கள். வேலையை விடு என்று அவரிடம் சொல்வது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மீதி இரண்டு எஃப்.டி.யை அப்படியே வைத்திருங்கள் என்று நான் சொல்வது, வருமானம் குறையும் அந்த முதல் ஒன்றிரண்டு வருடத்துக்காகத்தான்.

கடைசியாக வரி. பிரீமியத்தை நீங்கள் கட்டினால், பழைய வரி முறையில், 80டி என்று நாம் அறிந்த பிரிவில், மூத்த குடிமக்களான பெற்றோருக்கு 50,000 வரை கழித்துக்கொள்ளலாம். ரொக்கமாகக் கட்டக் கூடாது. புதிய முறையில் இது கிடையாது. அப்பாவுக்குப் பாலிசி இருப்பதால் அவருடைய சிகிச்சைச் செலவை அதில் காட்ட முடியாது. குறிப்பிட்ட சில நோய்களின் சிகிச்சைச் செலவுக்கான 80டிடிபி பிரிவில் காட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்த நோய்ப் பட்டியலில் இதய நோய் இல்லை.