வின்ச்சுக்கு ஒயர் ரோப்பா, சிந்தெடிக் கயிறா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அண்ணா, எனக்கு அந்தியூர் பக்கம். பர்கூர் மலையில் தாமரைக்கரையைத் தாண்டி எங்களுக்குக் கொஞ்சம் காடு இருக்குதுங்க. மழைக்காலத்தில் தார் ஜீப்பில்தான் போய்வருகிறேன். முன்னால் 9,500 பவுண்டு வின்ச் (மாட்டிக்கொண்ட வண்டியை மோட்டாரில் கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி), இரும்புக் கம்பி முறுக்கிய ஒயர் ரோப்போடு வாங்கியது. அதைக் கழற்றிவிட்டு சிந்தெடிக் கயிறு போடலாம் என்றால், "இரும்பே அத்துட்டுப் போற எடத்துல நைலான் கயிறு என்னத்தத் தாங்கும்"னு ஒர்க்‌ஷாப்பில் சிரிக்கிறாங்க. மாற்றலாமுங்களா?

பதில்: தாராளமாக மாற்றலாம் தம்பி. சிரித்தவர்களிடம் முதலில் ஒன்று சொல்லுங்கள், அது நைலான் இல்லை. நைலான் ரப்பர் மாதிரி இழுபடும். நல்ல நைலான் கயிறு தன் நீளத்தில் முப்பது சதவீதம் வரைகூட நீளும் என்பதால், இன்னொரு வண்டியை வைத்து வெடுக்கென்று இழுக்கும் வேலைக்குத்தான் அது சரி. வின்ச்சில் போடுவது பாலிஎத்திலீன் இழை, குடமும் பையும் செய்கிற பிளாஸ்டிக்கின் இனம்தான், ஆனால் மூலக்கூறு மிக மிக நீளமானது, இழையாக இழுக்கும்போது எல்லாம் ஒரே திசையில் படிந்துவிடும். டைனீமா, ஸ்பெக்ட்ரா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், இரண்டும் இதே சரக்கின் பிராண்டு பெயர்கள். தண்ணீரில் போட்டால் மிதக்கும்.

பலத்தைப் பார்த்தால், 9.5 மில்லிமீட்டர் தடிமன் ஒயர் ரோப் ஏறக்குறைய ஆறரை டன்னில் அறும். நல்ல தயாரிப்பில் 10 மில்லி சிந்தெடிக் 8 டன்னுக்குக் குறையாமல் தாங்கும். உங்கள் வின்ச் இழுப்பதே 4.3 டன்தான், அதுவும் கயிறு சுற்றும் உருளையான டிரம்மில் கடைசிச் சுற்றுவரிசை மட்டும் மிச்சமிருக்கும்போது. டிரம் நிறையக் கயிறு இருந்தால் இழுவை மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்துவிடும். எடை வேறு. 30 மீட்டர் ஒயர் ரோப் 11 கிலோ வரும், சிந்தெடிக் இரண்டு கிலோகூட வராது.

ஆனால் நான் மாற்றச் சொல்வது எடைக்காகவோ பலத்துக்காகவோ இல்லை. அறுந்தால் என்ன ஆகும் என்பதுதான் கணக்கு. முழு இழுவையில் இருக்கும் ஒயர் ரோப் அறுந்தால் அந்தக் கனமும் அதன் விறைப்பும் சேர்ந்து சாட்டையாகத் திரும்பும், கண்ணாடி, கை, கால் எதுவும் பார்க்காது. சிந்தெடிக்கில் கனமே இல்லை, அதனால் வேகம் சீக்கிரம் செத்துப் பெரும்பாலும் கீழே விழுந்துவிடும். இதைக் கேட்டுவிட்டு கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று பீடி பற்ற வைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள்! கயிறு லேசானது, கொக்கியும் ஷேக்கிளும் (கயிற்றை மாட்டும் U வடிவ வளையம்) இரும்பு. அந்தப் பக்கம் மாட்டிய இடம் பிடுங்கிக்கொண்டு வந்தால் எந்தக் கயிறாக இருந்தாலும் அது குண்டு மாதிரிதான் பறக்கும். நடுக்கயிற்றின்மேல் ஈரச் சாக்கைப் போட்டு, ஆட்களைக் கயிற்றின் நீளத்தைவிடத் தள்ளி நிறுத்திவிட்டுத்தான் பட்டனை அழுத்த வேண்டும்.

அப்புறம் கை. பழைய ஒயர் ரோப்பில் ஒரு மெல்லிய கம்பி அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது, தோல் கையுறையையும் தாண்டிக் குத்திவிட்டு, கயிறு நகர்ந்துகொண்டிருந்தால் சதையைக் கிழித்துக்கொண்டே போகும். மலைக்காட்டில் மழையில் நின்று இதை அனுபவித்தவர்கள் என்ன விலை என்றாலும் மாற்றிவிடுவார்கள்.

சரி, செலவு கயிற்றோடு முடியாது. முன்னால் கயிறு வெளியே வரும் வாயில் நான்கு உருளை வைத்த ஃபேர்லீட் இருக்குமே, அதில் ஒயர் ரோப் ஓடி ஓடிப் பிசிறு ஏறியிருக்கும், புதுக் கயிற்றை அது இரண்டு மழைக்காலத்தில் மயிர் மயிராகக் கிளப்பிவிடும். வழவழப்பான அலுமினிய ஃபேர்லீட்டாக மாற்றிவிடுங்கள். டிரம்மிலும் பிசிறு இருந்தால் அரம், எமரி போட்டுத் தேய்க்க வேண்டும். சுற்றும்போது சும்மா சுற்றக்கூடாது. மறு முனையை மரத்தில் மாட்டி, லேசான ஏற்றத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டு, அதன் கனத்திலேயே இறுக்கமாகச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் இழுக்கும்போது மேல் சுற்று அடிச் சுற்றுக்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும். இழுக்கும்போது டிரம்மில் குறைந்தது பத்துச் சுற்றாவது இருக்கட்டும். இரும்புக்கு ஐந்து போதும், இது வழுக்கும்.

இதன் பெரிய எதிரி சூடு. 70 டிகிரியைத் தாண்டினாலே பலம் இறங்கும், 150 டிகிரிக்குப் பக்கத்தில் உருகிவிடும். பல வின்ச்களில் பிரேக், கயிறு சுற்றும் டிரம்முக்குள்ளேயே இருக்கிறது. கயிற்றை மோட்டார் போட்டு நீளமாக வெளியே விட்டாலோ, சரிவில் வண்டியை வின்ச்சிலேயே தொங்கவிட்டு இறக்கினாலோ டிரம் கொதிக்கும், முதலில் வேகுவது அடிச் சுற்றுதான். கயிற்றை கிளட்சை விடுவித்துக் கையால் இழுத்து எடுங்கள். சேற்று வேலை முடிந்தால் முழுக் கயிற்றையும் பிரித்துத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவிட்டுச் சுற்றுங்கள். உள்ளே போன மணல் இழையை உள்ளிருந்தே அறுக்கும். வெயிலுக்கு ஒரு உறை.

கேள்வி: சங்ககிரியில் ரெக்கவரி வண்டி வைத்திருக்கிறேன். நாங்களும் மாறலாமா?

பதில்: வேண்டாங்க. திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு, அதில் ஒன்றில் கரும்பு லாரி கவிழ்ந்தால் உங்கள் ரோப் தடுப்புச்சுவர் விளிம்பிலும் பாறையிலும் உரசிக்கொண்டுதான் லாரியை ஏற்றும். அந்த உரசலில் சிந்தெடிக் நிற்காது. கிரீஸும் கையுறையும் ஒயர் ரோப்புமே உங்கள் தொழிலுக்குச் சரி. மடிந்து முறுக்கு விழுந்த ரோப்பை மட்டும் நிமிர்த்தி ஓட்டாதீர்கள், அந்த இடத்தில் பலம் போய்விட்டது.

கேள்வி: சிந்தெடிக் கயிறு நடுவில் அறுந்தால் முடிச்சுப் போட்டு ஓட்டலாமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: முடிச்சு கூடவே கூடாது. இந்த இழை வழுக்கும், முடிச்சு உருவிக்கொள்ளும், உருவிக்கொள்ளாவிட்டாலும் அந்த இடத்தில் பலம் பாதியாகிவிடும். திருப்பூர்க்காரருக்கு நூலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இது 12 புரி பின்னல், உள்ளே குழாய் மாதிரி வெற்றிடம். ஒரு முனையைத் தளர்த்திப் பிடித்து, மற்ற முனையை டேப் சுற்றிக் கூராக்கி, இரண்டாக மடித்த மெல்லிய கம்பியில் மாட்டி உள்ளே இழுத்தால் போய்விடும். 10 மில்லி கயிறென்றால் 72 சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும், அதாவது விட்டத்தைப் போல 72 மடங்கு. இரண்டு முனையும் ஒன்றுக்குள் ஒன்று இப்படிப் புதைந்துவிட்டால், இழுக்க இழுக்கப் பின்னல் இறுகி உள்ளே இருப்பதைக் கவ்விக்கொள்ளும். காட்டில் அரைமணி வேலை. ஒயர் ரோப் அறுந்தால் இந்த வசதி கிடையாது. மேலே லேசாகப் பஞ்சு கிளம்புவது சகஜம். ஒரு புரி முழுக்க அறுந்திருந்தாலோ, பளபளவென்று உருகிக் கெட்டியான இடம் தெரிந்தாலோ அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு இணையுங்கள்.

கேள்வி: பொள்ளாச்சியில் எங்கும் தென்னைதான். அதில் கட்டி இழுக்கலாமா?

பதில்: கயிற்றை நேராகச் சுற்றாதீர்கள். அகலமான பெல்ட்டை மரத்தின் அடியில், தரையை ஒட்டிப் போட்டு, ஷேக்கிளில் கயிற்றை மாட்டுங்கள். வேம்பு, புளி என்றால் பட்டை காயம் மெல்ல மூடும். தென்னைக்கு அந்தக் காயம் மூடவே மூடாது. வாசத்துக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும், அப்புறம் தோப்புக்காரர் உங்களைத் தேடி வருவார். வேரும் ஆழமில்லை, நனைந்த மண்ணில் ஒரே மரத்தை நம்பாமல் இரண்டு மரத்துக்கும் பெல்ட் போட்டு இழுவையைப் பிரியுங்கள். கப்பி ஒன்று கையில் இருந்தால் வண்டிக்கும் மரத்துக்கும் நடுவே இரட்டைக் கயிறாக ஓட்டுங்கள், வின்ச்சின் சுமை பாதியாகும், ஆனால் கப்பி மாட்டிய மரத்தில் விழும் இழுவை குறையாது.

கேள்வி: இதே வின்ச்சில் சிந்தெடிக் கயிறு போட்டுக் கிணற்றுக்குள் ஆளை இறக்கலாமா? (காங்கயம்)

பதில்: கூடாது. வண்டி வின்ச் தரையில் இழுக்கச் செய்தது, அதன் பிரேக் ஆளைத் தொங்கவிட்டுப் பிடிக்கச் செய்ததில்லை. எந்தக் கயிறு போட்டாலும் இதே பதில்தான்.