முதலாம் எலிசபெத் ராணியாகத் திரையில் நடித்தவர்களில் யார் சிறந்தவர்? எந்தப் படத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

ஒருவரைத்தான் சொல்ல வேண்டும் என்றால் கிளெண்டா ஜாக்சன். 1971-ல் பிபிசி ஒளிபரப்பிய 'எலிசபெத் ஆர்' தொடர், மொத்தம் ஆறு பாகம். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் என்பதால் தனித்தனிப் படமாகவே பார்க்கலாம்.

இந்த வேடத்தில் கம்பீரம் காட்டுவது பெரிய விஷயமே இல்லை, வயதைக் காட்டுவதுதான் கஷ்டம். எலிசபெத் 1533-ல் பிறந்தார். 25 வயதில் பட்டத்துக்கு வந்து 44 ஆண்டுகள் ஆண்டார். 1603-ல் இறக்கும்போது வயது 69. இரண்டு மணி நேரப் படத்தில் இது அடங்காது. ஏதாவது ஒரு காலகட்டத்தைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஜீன் சிம்மன்ஸ் ('யங் பெஸ்', 1953) முடிசூட்டுக்கு முந்தைய இளவரசி. கேட் பிளாஞ்செட் ('எலிசபெத்', 1998) புதிதாகப் பட்டமேறியவர். பெட்டி டேவிஸ் (1939) கிழ ராணி. நடித்தபோது அவருக்கு 31 வயதுதான்! ஜாக்சனோ பதின்வயதுப் பெண்ணிலிருந்து மரணம் வரை ஒரே ஆளாக நடித்தார். 2005-ல் ஆன்-மேரி டஃப்பும் பிபிசி தொடர் ஒன்றில் இதைச் செய்தார், ஆனால் ஜாக்சனின் கடைசி இரண்டு பாகங்களுக்கு அது ஈடாகாது.

யார் எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார் என்று பார்க்க நெற்றியைக் கவனியுங்கள். ராணியின் ஓவியங்களில் நெற்றி மிக உயரமாக, முடி ரொம்பப் பின்னால் தொடங்கும். சொந்த முடியின் மேலேயே விக் வைத்தால் நெற்றி சின்னதாகி, மாறுவேடப் போட்டி மாதிரி ஆகிவிடும். அதனால்தான் டேவிஸும் ஜாக்சனும் முன்பக்க முடியைச் சவரமே செய்துகொண்டார்கள். 1955-ல் 'தி வெர்ஜின் குவீன்' படத்துக்காக டேவிஸ் மறுபடியும் சவரம் செய்தார்.

அடுத்து பல். 1597-ல் ராணியைச் சந்தித்த பிரெஞ்சுத் தூதர் டி மேஸ், பற்கள் மஞ்சளாகவும் ஏறுமாறாகவும் இருந்தன, பல பற்கள் விழுந்துவிட்டதால் வேகமாகப் பேசினால் சரியாகப் புரியவில்லை என்று எழுதினார். மறு வருடம் வந்த ஜெர்மன் பயணி ஹென்ட்ஸ்னர், பற்கள் கறுப்பு என்றே எழுதி, இங்கிலாந்துக்காரர்கள் சர்க்கரையை அளவுக்கு மீறித் தின்பதைக் காரணமாகச் சொன்னார். திரையில் வரும் கிழ ராணிகள் பெரும்பாலும் நாடகமேடை உச்சரிப்பில் கணீரென்று பேசுகிறார்கள். பல்லைத் தொடப் பலருக்கும் துணிச்சல் இல்லை; அதற்குப் பதில் முகத்தில் வெள்ளைப் பூச்சை அப்பிவிடுகிறார்கள். உண்மையில் அவ்வளவு தடிமனாக ஈய வெள்ளை பூசினார் என்பதற்கு அவர் காலத்து ஆதாரம் குறைவு.

பிளாஞ்செட்டின் படத்தை எடுத்தவர் நம் சேகர் கபூர். முடிசூட்டுக் காட்சியில் பொன்னாடையும் விரித்த கூந்தலும் லண்டன் நேஷனல் போர்ட்ரைட் கேலரியில் உள்ள ஓவியத்தை அப்படியே பின்பற்றியவை. மேக்கப்புக்கு ஆஸ்கர் கிடைத்தது. வரலாறு மட்டும் தாறுமாறு. ராணிக்கு மிக நெருக்கமாக இருந்த ராபர்ட் டட்லிக்கு மனைவி இருப்பது ராணிக்குத் தெரியாது என்கிறது படம். 1550-ல் நடந்த அந்தக் கல்யாணத்துக்கு எலிசபெத்தே போயிருந்தார். பெண் கேட்டு பிரெஞ்சு இளவரசர் ஆஞ்சூ கோமகன் நேரில் வந்தது ஆட்சியின் தொடக்கத்தில் அல்ல, 1579-ல், ராணிக்கு 45 வயதில். நடிப்புக்காகப் பாருங்கள், பரீட்சைக்குப் படிக்க வேண்டாம்.

இரண்டாம் பாகமான 'தி கோல்டன் ஏஜ்' (2007) இன்னும் மோசம். கவசம் அணிந்து குதிரைமேல் அமர்ந்து, போருக்கு முன் டில்பரியில் படைக்கு உரையாற்றுவதாகக் காட்டுவார்கள். அன்றைய இங்கிலாந்து நாட்காட்டிப்படி ஸ்பானியக் கப்பற்படையைச் சிதறடித்த கிராவ்லைன்ஸ் சண்டை 1588 ஜூலை 29-ல் முடிந்துவிட்டது. உரை ஆகஸ்ட் 9-ல். அப்போது ராணிக்கு 54 வயது, பிளாஞ்செட்டுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் இரண்டு படங்களுக்கும் அவர் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். முதல் முறை தமாஷ் என்னவென்றால், அதே மேடையில் அதே ராணியாக நடித்த ஜூடி டெஞ்ச் துணை நடிகை விருதைத் தட்டிக்கொண்டு போனார். 'ஷேக்ஸ்பியர் இன் லவ்' படத்தில் அவர் வருவது சுமார் எட்டு நிமிடம்தான்.

ஸ்காட்லாந்து ராணி மேரியும் எலிசபெத்தும் வாழ்நாளில் ஒருமுறைகூட நேரில் சந்திக்கவில்லை. 1971 படமும் (ஜாக்சன், வனெஸா ரெட்கிரேவ்) 2018 படமும் (மார்கோ ராபி, சேர்ஷா ரோனன்) அவர்களைச் சந்திக்க வைத்துவிட்டன. பெரிய நடிகைகள் இருவரை வைத்துக்கொண்டு எதிரெதிரே நிறுத்தாமல் இருக்க எந்தத் தயாரிப்பாளருக்கு மனசு வரும்? ரெட்கிரேவ் 2011-ல் 'அனானிமஸ்' படத்தில் எலிசபெத்தாகவே வந்தார்.

ஆறு பாகம் பார்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஹெலன் மிர்ரன் நடித்த 2005 குறுந்தொடர் சரியாக வரும். இரண்டே பாகம்: முதலாவது லெஸ்டர் பிரபுவோடு (மேலே சொன்ன டட்லிதான்) ராணிக்கு இருந்த உறவு, அடுத்தது எஸெக்ஸ் பிரபுவோடு. கதை 1579-ல் தொடங்குவதால் நடிகைக்கும் வேடத்துக்கும் வயது ஓரளவு பொருந்துகிறது. மேக்கப்பை நம்பிப் பிழைக்க வேண்டிய தேவை இல்லை. அதைப் பார்த்துவிட்டு ஜாக்சனின் கடைசிப் பாகத்துக்குப் போங்கள். 1912-ல் சாரா பெர்னார்ட் நடித்த மௌனப்படம் முக்கால் மணி நேரம்கூட வராது. மெத்தைக் குவியலில் அவர் குப்புற விழுந்து சாகும் காட்சிக்காகவே பார்க்கலாம்.