கேள்வி – பதில்: பாபநாசத்து வக்கீல் எடுத்த படங்கள்

சென்ற இதழில் 'தியாகபூமி' பற்றி இரண்டு வரி எழுதப் போக, அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்தப் படத்தின் இயக்குநர் கே. சுப்ரமணியத்தையும் அவருடைய குடும்பத்தையும் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கிவிட்டோம்.

கே: இயக்குநர் சுப்ரமணியம் பாபநாசத்துக்காரர் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பாபநாசம்தானே?
– வாசகர், விக்கிரமசிங்கபுரம்

ப: மன்னிக்கவும், தாமிரபரணிக் கரைப் பாபநாசம் அல்ல. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் ரயில் நிற்கிற பாபநாசம். வக்கீல் கிருஷ்ணசாமி ஐயரின் மகனாக 1904 ஏப்ரல் 20 அன்று பிறந்தார். அவர் படங்களுக்குப் பாட்டெழுதிய பாபநாசம் சிவன் பெயரில் இருப்பதும் இதே ஊர்தான். ஆனால் சிவன் பிறந்தது போலகத்தில். உடம்பெல்லாம் திருநீறு பூசிக்கொண்டு பாடித் திரிந்த இளைஞரைப் பார்த்துப் பாபநாசத்து மக்கள் சூட்டிய பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது.

கே: வக்கீலுக்குப் படித்தவர் சினிமாவுக்கு எப்படி வந்தார்? அந்தக் காலத்தில் வீட்டில் ஒப்புக்கொண்டிருப்பார்களா?
– வாசகி, மயிலாடுதுறை

ப: தந்தையின் வழியில் சட்டம் படித்தாரே தவிர, கறுப்புக் கோட்டில் அவர் மனம் நிலைக்கவில்லை. மௌனப் படங்களின் காலத்தில் சென்னையில் ஆர். பத்மநாபன் நடத்திய அசோசியேட்டட் பிலிம்ஸ் நிறுவனத்தில், இயக்குநர் ராஜா சாண்டோவின் படங்களுக்குக் கதை வேலை செய்யப் போய்த் தொழில் பழகினார். பேசும் படம் வந்த பிறகு, செட்டிநாட்டுப் பக்கம் மேடையில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த 'பவளக்கொடி' நாடகத்தைப் பார்த்து, அதில் அர்ஜுனனாகப் பாடிய எம்.கே. தியாகராஜ பாகவதரையும் பவளக்கொடியாக நடித்த எஸ்.டி. சுப்புலட்சுமியையும் அப்படியே திரைக்குக் கொண்டுவந்தார். 1934இல் வெளிவந்த அந்தப் படம்தான் மூவருக்கும் வாசல் திறந்தது.

படம் பிடித்த விதத்தை இன்று கேட்டால் சிரிப்பு வரும். கூரையில்லாத திறந்தவெளியில், மின்விளக்கை நம்பாமல் வெயிலை நம்பி எடுத்தார்கள். சூரியனை மேகம் மறைத்தால் வேலை நிற்கும். பின்னணிப் பாடல் என்ற ஏற்பாடு இல்லாததால், நடிப்பவரே காமிரா முன்னால் பாட வேண்டும், அப்போதே ஒலிப்பதிவும் நடக்கும். மதியம் சாப்பாட்டு இலை விழுந்ததும் காக்கைகள் கூடிவிடும். பாகவதர் ஆலாபனை செய்யும்போது அவை தம் பங்குக்குக் கரைந்தால் படச்சுருள் வீண். காக்கை விரட்டவே துப்பாக்கியோடு ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள் என்று பழைய சினிமாக்காரர்கள் சொல்லுவார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 'பவளக்கொடி' மேடை நாடகத்தின் நகல்தான். ஐம்பதை ஒட்டிய பாடல்களுக்கு நடுவே கொஞ்சம் கதையும் உண்டு. நாம் பேசிக்கொண்டிருக்கிற சுப்ரமணியம் உருவாக இன்னும் மூன்று வருஷம் ஆயிற்று.

கே: என் பாட்டி பெயர் சரோஜா, சின்னப் பாட்டி பெயரும் சரோஜா. "எல்லாம் அந்தப் படத்தால் வந்தது" என்று வீட்டில் சொல்லுகிறார்கள். எந்தப் படம்?
– வாசகி, திருச்சி

ப: 1937இல் வந்த 'பாலயோகினி'. எங்கள் தெருவிலேயே ஒரு காலத்தில் மூன்று சரோஜாக்கள் இருந்ததால், மாடி வீட்டுச் சரோஜா, கிணற்றடிச் சரோஜா என்று அடையாளம் சொல்ல வேண்டியிருந்தது. படத்தின் நாயகி என்றே சொல்லத்தக்க சிறுமி பேபி சரோஜா, சுப்ரமணியத்தின் தம்பி விஸ்வநாதனின் மகள். ஹாலிவுட்டின் ஷெர்லி டெம்பிளோடு அவளை ஒப்பிட்டு மாய்ந்து போனார்கள். பெண் குழந்தை பிறந்த வீடுகளில் அந்தப் பெயர் பரவியது.

ஆனால் அந்தப் படத்தைக் குழந்தை நட்சத்திரத்தோடு நிறுத்திவிடக் கூடாது. உயர்சாதி வீட்டு விதவைகள் படுகிற பாட்டையும், தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் வீட்டில் கிடைத்த அடைக்கலத்தையும் எதிரெதிரே வைத்த கதை அது. விதவை வேடத்துக்கு அரிதாரம் பூசிய நடிகையைத் தேடாமல், உண்மையிலேயே கணவனை இழந்த ஒரு பிராமணப் பெண்மணியை நடிக்க வைத்தார். தஞ்சைப் பகுதி வைதிகர்கள் கூடி அவரைச் சாதியிலிருந்து விலக்கினார்கள். பாபநாசத்து வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வட்டாரத்தில் அது எத்தகைய தண்டனை என்பதை அந்த ஊர்களில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவரோ அடுத்த வருஷமே பிரேம்சந்தின் நாவலைத் தழுவி 'சேவாசதனம்' எடுத்து, கணவனால் வெளியே தள்ளப்பட்ட பெண்ணாக எம்.எஸ். சுப்புலட்சுமியைத் திரையில் அறிமுகப்படுத்தினார்.

கே: 'தியாகபூமி'யை ஏன் தடை செய்தார்கள்? அதில் குண்டு வெடிக்கிறதா, துப்பாக்கி சுடுகிறதா?
– வாசகர், மதுரை

ப: இரண்டும் இல்லை. கல்கி எழுதிய கதை அது. ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, ஓவியத்துக்குப் பதிலாகப் படத்தின் புகைப்படங்களையே அச்சிட்டார்கள். பைண்டு செய்த பழைய தொகுதியைப் புரட்டினால், பாபநாசம் சிவன் சம்பு சாஸ்திரியாகக் கைகூப்பி நிற்பதைப் பக்கத்தில் பார்த்துக்கொண்டே கதையைப் படிக்கலாம். வாரா வாரம் விகடனைப் படித்தவர்கள் அந்த முகங்களை முன்பே மனத்தில் பதித்துக்கொண்டுதான் கொட்டகைக்குப் போனார்கள்.

நெடுங்கரைக் கிராமத்துச் சம்பு சாஸ்திரி, புயல் வெள்ளத்தில் குடிசை இழந்த சேரி மக்களுக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்ததற்காக ஊர் விலக்குக்கு ஆளாகிறார். அவர் மகள் சாவித்திரி, கல்கத்தாவில் இருக்கும் கணவன் ஸ்ரீதரனிடம் படாத பாடு பட்டு, கர்ப்பிணியாக வெளியேறி, பெற்ற குழந்தையைத் தந்தையிடம் விட்டுவிட்டுப் பம்பாய் போய், அத்தை வழிச் சொத்தால் உமாராணி என்ற சீமாட்டியாகத் திரும்புகிறாள். அப்போது கணவன் தாம்பத்திய உரிமை கேட்டு வழக்குப் போடுகிறான். நீதிமன்றத்தில் அவள், சேர்ந்து வாழ முடியாது, வேண்டுமானால் கணவனுக்கு நான் ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள். அந்தக் காலத்துத் தமிழ்ப் படங்களில் பெண் ஒருத்தி பேசியவற்றில் இதைவிடத் துணிச்சலான பேச்சை நான் அறியேன். சாவித்திரி எஸ்.டி. சுப்புலட்சுமி, அவள் மகள் சாரு நம் பேபி சரோஜா.

படம் வெளிவந்தது 1939 மே 20. சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவை நடந்துகொண்டிருந்தது. ஏழு வாரம் கழித்து, ஜூலை 8 அன்று, வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட சகோதரர்களை அழைத்துச் சென்றார் என்பதை மதுரைக்காரரான தங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. திரையில் நடந்ததும் தெருவில் நடந்ததும் ஒரே வாதம். உலகப் போர் தொடங்கி அக்டோபரில் அமைச்சரவை பதவி விலகியதும் காற்று திசை மாறிற்று. கடைசியில் சாவித்திரியும் சாஸ்திரியும் சுதந்திரப் போராட்டத்தில் இறங்குவதும், டி.கே. பட்டம்மாளின் குரலில் தேச சேவைக்கு அழைக்கும் பாட்டும் பிரிட்டிஷ் அரசின் கண்ணை உறுத்தின. தடை வந்தது. ஆணை கையில் வந்து சேரும்வரை சென்னை கெயிட்டி கொட்டகையில் இலவசமாகவே படத்தைக் காட்டினார்கள் என்றும், கூட்டம் கட்டுக்கடங்காமல் போய்ப் போலீஸ் தடியடி நடத்தியது என்றும் அக்காலத்தவர் சொல்லி வந்தார்கள்.

இதே அரசாங்கம்தான் பிற்பாடு போருக்கு ஆதரவாகப் படம் எடுக்கச் சொல்லித் தயாரிப்பாளர்களை நெருக்கியது. சுப்ரமணியமும் 1945இல் 'மானசம்ரட்சணம்' எடுத்தார். அதை அவருடைய சாதனைப் பட்டியலில் நான் சேர்க்க மாட்டேன்.

கே: ஜெமினி ஸ்டூடியோ முதலில் அவருடையது என்கிறார்களே, மெய்யா?
– வாசகர், சேலம்

ப: மெய்தான். மோஷன் பிக்சர் புரொட்யூசர்ஸ் கம்பைன் என்ற பெயரில் மவுண்ட் ரோட்டில் இயங்கிய ஸ்டூடியோ தீ விபத்துக்குப் பிறகு ஏலத்துக்கு வந்தது. நண்பர் எஸ்.எஸ். வாசன் எடுத்தார், ஜெமினி ஆக்கினார்.

கே: பெண்ணுரிமை பேசிய படங்களை எடுத்தவர், மனைவி இருக்கும்போதே கதாநாயகியையும் மணந்துகொண்டாரே, இது முரண் இல்லையா?
– வாசகி, கோயம்புத்தூர்

ப: முரண்தான். எஸ்.டி. சுப்புலட்சுமியை அவர் இரண்டாவதாக மணந்தது ஊரறிந்த செய்தி. இருதார மணத்தைச் சட்டம் தடுக்காத காலம் என்பது விளக்கமே ஒழிய சமாதானம் ஆகாது. ஆனால் முதல் மனைவி மீனாட்சியை யாரோ ஒரு மூலையில் கண்ணீர் விட்ட பெண்மணியாக எண்ணிவிட வேண்டாம். தமிழிலும் சமஸ்கிருதத்திலும் பாட்டுக் கட்டி இசையமைத்தவர். மகள், நடனக் கலைஞர் பத்மா சுப்ரமணியத்தின் கலைக்குத் தந்தையைப் போலவே தாயும் ஊற்று. சாவித்திரியை எழுதிய கல்கியையும் நடித்த சுப்புலட்சுமியையும் பாராட்டுகிற நாம், அந்த வீட்டுப் பெண்கள் என்ன நினைத்தார்கள் என்பதை நம் இஷ்டத்துக்கு எழுதிவிடக் கூடாது.

கே: அனிருத் அவருடைய கொள்ளுப் பேரன் என்பது தெரியும். குடும்பத்தில் வேறு யாரெல்லாம் இந்தத் துறையில் இருக்கிறார்கள்?
– வாசகர், தாம்பரம்

ப: இந்தக் கேள்வி மட்டும் பதினோரு கடிதங்களில் வந்திருக்கிறது. அனிருத்திலிருந்து பின்னோக்கிப் போகலாம். அவருடைய தாத்தா எஸ்.வி. ரமணன், சுப்ரமணியத்தின் மகன். வானொலி விளம்பரங்களில் அவர் குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. 1983இல் 'உருவங்கள் மாறலாம்' என்ற படத்தை இயக்கி இசையும் அமைத்தார். நடன இயக்குநர் ரகுராம் சுப்ரமணியத்தின் பேரன். இன்னொரு மகன் எஸ். கிருஷ்ணசாமி ஆவணப்படத்துக்குப் போனார். அமெரிக்காவில் படித்தபோது பேராசிரியர் எரிக் பார்னோவுடன் சேர்ந்து அவர் எழுதி 1963இல் வெளிவந்த இந்திய சினிமா வரலாறு இன்றும் ஆய்வாளர்கள் கையில் எடுக்கிற புத்தகம். தகப்பனார் வேலை செய்த துறையின் வரலாற்றை மகன் எழுதுவது நம் ஊரில் அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல.

என்றாலும் அந்த வீட்டின் பெரிய சொத்து என்று நான் கருதுவது வேறு. 1942இல் சுப்ரமணியம் நிருத்யோதயா என்ற நடனப் பள்ளியைத் தொடங்கினார். இன்று பரதநாட்டியம் என்று வழங்குகிற, அன்று சதிர் என்று ஏளனம் செய்யப்பட்ட ஆட்டத்தை நல்ல குடும்பத்துப் பெண்கள் கற்கலாமா என்ற வாதம் அடங்காத நேரம். மறு வருஷம் பிப்ரவரி 4 அன்று பிறந்த மகள் பத்மா அந்தச் சதங்கை ஒலிக்குள்ளேயே வளர்ந்து, வழுவூர் ராமையா பிள்ளையிடம் கற்று, பிறகு நாட்டிய சாஸ்திரத்தின் நூற்றெட்டுக் கரணங்களை, அதாவது கையும் காலும் சேர்ந்தியங்கும் அடிப்படை ஆட்ட அசைவுகளை, ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் தளத்தில் அந்தக் கரணங்களைச் செதுக்கத் தொடங்கிய சிற்பிகள் எண்பத்தொன்றோடு நிறுத்திவிட்டார்கள். மீதிக் கற்கள் இன்றும் வெறுமையாகவே இருக்கின்றன. ஏதோ ஒரு கணத்தில் உறைந்த நிலைகளாகப் பலர் பார்த்த அந்தச் சிற்பங்களை, கை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் நகர்ந்துகொண்டிருக்கிற அசைவின் ஒரு துண்டு என்று படித்துக் காட்டினார் பத்மா. ஓடுகிற படச்சுருளிலிருந்து ஒரு கட்டத்தை எடுத்துப் பார்த்து முன்பின் அசைவைச் சொல்வது போன்ற காரியம். சினிமாக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் கண் வாய்த்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. மகாராஷ்டிரத்துச் சாத்தாராவில் எழுந்த நடராஜர் கோயிலுக்குக் கரணச் சிற்பங்களை வடிவமைத்துக் கொடுத்தவரும் அவரே. 2024இல் பத்ம விபூஷண் கிடைத்தது.

சுப்ரமணியம் இதையெல்லாம் முழுவதும் பார்க்கவில்லை. 1971 ஏப்ரல் 7 அன்று மறைந்தார்.

கே: 'தியாகபூமி'யின் பிரதி எங்காவது இருக்கிறதா?
– வாசகர், காரைக்குடி

ப: இருக்கிறது. புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில்.