பிரிட்டனில் கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்காக உள்ளூர் கவுன்சிலுக்குக் கட்டும் வரி) பாக்கிக்காக பெய்லிஃப் (பாக்கியை வசூலிக்க வரும் ஆள்) வீட்டுக்கு வந்தால் கதவைத் திறக்க வேண்டுமா? பொருட்களை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களா?

திறக்க வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றது எல்லாம் பிறகு. நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால் கடிதம் ஏற்கனவே வந்துவிட்டது, யாரோ ஒருவர் "ஆட்கள் வருவார்கள்" என்று பயம் காட்டியிருக்கிறார் என்று நினைக்கிறேன். கதவைப் பூட்டியே வைத்திருங்கள், ஆனால் வந்த கடிதத்தை இன்றைக்கே பிரியுங்கள். நான் இரண்டையும் தலைகீழாகச் செய்தேன். கடிதத்தை மூடி வைத்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டேன்.

"கட்ட வேண்டிய காசைக் கட்டாமல் ஏமாற்றச் சொல்லிக் கொடுக்கிறாள்" என்று கீழே யாரும் எழுத வேண்டாம். கட்ட வேண்டிய காசை நான் கடைசி பவுண்ட் வரைக்கும் கட்டி முடித்தேன். தெரியாத காரணத்தால் கூடுதலாகக் கட்டவேண்டி வந்த காசைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். இது இங்கிலாந்துக் கதை. ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு, அங்கே ஷெரிஃப் ஆபீசர் என்று வேறு ஆட்கள் வருவார்கள்.

நான் இருப்பது வடமேற்கு லண்டனில் இரண்டு அறை வீடு. சாரி பிளவுஸ் தைக்கிறேன், விடியற்காலையில் ஒரு அலுவலகத்தில் கிளீனிங் வேலையும் செய்கிறேன். 2018 ஜூன் கடைசியில் என் கணவர் வீட்டை விட்டுப் போய்விட்டார். ஏன் எதற்கு என்பது இங்கே வேண்டாம். அதுவரை பில் எல்லாம் அவர் பொறுப்பு. கவுன்சில் டாக்ஸ் அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தது, அதை அவர் நிறுத்தியது எனக்குத் தெரியாது. எங்கள் பில் வருடத்துக்கு 1,520 பவுண்ட்ஸ். ஏப்ரலிலிருந்து ஜனவரி வரைக்கும் 10 தவணை, தவணைக்கு 152. மூன்று தவணை போயிருந்தது.

பிறகு கடிதங்கள் வரத் தொடங்கின. எல்லாவற்றிலும் அவருடைய பெயர் முன்னால், என் பெயர் பின்னால். நான் முதல் பெயரை மட்டும் பார்த்துவிட்டு, அவருடைய கடிதம், அவர் வந்து பார்க்கட்டும் என்று பழைய பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடினேன். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு வந்த கடிதத்தை அம்மா பிரித்ததை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனால் இங்கே சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் இருந்த காலத்துக்கு வரும் கவுன்சில் டாக்ஸ் இரண்டு பேருக்கும் பொது. முழுத் தொகையையும் இருவரில் யாரிடமும் கேட்கலாம். அவர் போன பிறகு வந்த மாதங்கள் முழுக்க என் தலையில்.

அந்த டின்னுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பிறகுதான் விளங்கியது. ஒரு தவணை தவறினால் ரிமைண்டர் வரும், 7 நாள் தருவார்கள். அதற்குள் கட்டாவிட்டால், இன்னொரு 7 நாளில் தவணையாகக் கட்டும் உரிமை போய்விடும், வருடத்தின் மிச்சம் முழுவதையும் ஒரே தடவையில் கேட்பார்கள். அப்புறம் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு சம்மன். நீங்கள் போகாவிட்டாலும் அங்கே லயபிலிட்டி ஆர்டர், அதாவது இந்தப் பாக்கியை நீங்கள் கட்டியே ஆக வேண்டும் என்ற உத்தரவு, போட்டுவிடுவார்கள், கோர்ட் செலவையும் கடனோடு சேர்ப்பார்கள். எனக்கு மிச்சம் 1,064, கோர்ட் செலவு 110. அதன் பிறகு கவுன்சில் அதை ஒரு கம்பனியிடம் கொடுத்தது. அந்த ஆட்களைத்தான் நாம் பெய்லிஃப் என்கிறோம், 2014க்குப் பிறகு சட்டத்தில் அவர்களுக்கு என்ஃபோர்ஸ்மெண்ட் ஏஜெண்ட் என்று பெயர். ஃபைல் அவர்கள் கைக்குப் போனவுடனேயே 75 பவுண்ட்ஸ் கூடிவிடும். வீட்டுக்கு ஒரு தடவை வந்தால் இன்னும் 235. கடன் 1,500க்கு மேல் என்றால் மேலதிகத் தொகைக்கு 7.5 வீதம் வேறு. நான் மாட்டியபோது இருந்த கணக்கு இது. இந்தக் காசு கவுன்சிலிடமிருந்து அவர்களுக்கு வருவதில்லை, நம்மிடமிருந்துதான் வருகிறது. ஆகவே வீட்டுக்கு வருவதற்கு முன்பே நீங்கள் பேசி முடித்துவிட்டால் அந்த 235 உங்களுக்கு மிச்சம். வருவதற்கு முன் குறைந்தது 7 நாள் அவகாசம் கொடுத்து ஒரு நோட்டீஸ் அனுப்பத்தான் வேண்டும். என்னுடைய நோட்டீஸ் 2019 ஜனவரியில் வந்தது. டின்னுக்குள் கிடந்தது.

பெப்ரவரியில் ஒரு காலை, ஏழு மணி கழிந்து கொஞ்ச நேரம். நான் வேலையில். மகனுக்கு அப்போது 12 வயது, தனியாகப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தான். பெல் அடித்திருக்கிறது. சங்கிலியைப் போட்டுவிட்டுக் கதவைக் கொஞ்சம் திறந்திருக்கிறான். நல்ல வேளை, அது மட்டும் நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். வந்தவர் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். இல்லை என்றதும் அம்மாவின் பெயர். பிறகு ஒரு தாளைக் கதவின் கடிதத் துவாரத்தால் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் அவர்கள் நுழையக் கூடாது, அந்த மட்டில் அவர் சரியாகத்தான் நடந்தார். ஆனால் வேலை இடத்தில் என் போன் அடித்தபோது மகன் கேட்டது இதுதான்: "அம்மா, எங்கட சாமானெல்லாம் எடுத்துக்கொண்டு போவினமா? என்ட பள்ளிக்கூட லேப்டொப்பையுமா?" அவன் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை. நான் திரும்பி வந்தபோது யூனிஃபார்மோடு படியில் உட்கார்ந்திருந்தான், லேப்டொப் மடியில், அந்தத் தாள் கையில். தொகை சிவப்பு எழுத்தில் 1,484.

அடுத்த கிழமை அவர் திரும்பி வந்தார். நான் கதவைத் திறந்தேன். சண்டை போடும் ஆள் இல்லை, மரியாதையாகத்தான் பேசினார், வெளியே மழை. வாசலில் ஒரு மனுசனை நனைய விட்டுக் கதைப்பது நமக்குப் பழக்கம் இல்லையே, உள்ளே வாருங்கள் என்றேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். கவுன்சில் டாக்ஸ் பாக்கிக்காக முதல் தடவை வரும்போது அவர்கள் கதவை உடைக்க முடியாது, தள்ளிக்கொண்டு வர முடியாது, காலைக் கதவிடுக்கில் வைக்க முடியாது. நீங்கள் விட்டால் வரலாம், பூட்டாத கதவு என்றால் அவர்களாகவே திறந்துகொண்டும் வரலாம். அதனால்தான் பூட்டி வையுங்கள் என்கிறேன். காலை 6 மணிக்கு முன்போ இரவு 9 மணிக்குப் பின்போ பொதுவாக வரக் கூடாது. அடையாள அட்டையைக் கதவு வழியாகக் காட்டச் சொல்லலாம், பேச்சையும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றே முடிக்கலாம்.

உள்ளே வந்தவர் ஒவ்வொன்றாக எழுதினார். டிவி, சோஃபா, மைக்ரோவேவ். பிறகு ஜன்னல் பக்கம் போனார். அங்கே என் ஜூக்கி தையல் மெஷின். ஊசிக்குக் கீழே ஒரு மாம்பழ மஞ்சள் பட்டு பிளவுஸ், ஒரு கை வைத்தாகிவிட்டது, மற்றக் கை வைக்கவில்லை. சனிக்கிழமை கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டியது. மெஷினின் மாடல் நம்பரைக் குனிந்து பார்த்து எழுதினார். இது என் தொழில் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். இப்போது எடுத்துப் போக மாட்டேன், பட்டியலில்தான் போடுகிறேன், கையெழுத்துப் போடுங்கள் என்றார். போட்டேன். அதன் பெயர் கன்ட்ரோல்ட் கூட்ஸ் அக்ரிமெண்ட். சாமான் உங்கள் வீட்டிலேயே இருக்கும், ஆனால் சொன்னபடி காசு கட்டாவிட்டால் அடுத்த முறை நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கதவை உடைத்துக்கூட வரலாம். முதலில் இல்லாத அதிகாரத்தை நான் என் கையெழுத்தால் கொடுத்தேன். மாதம் 250 கட்டுகிறேன் என்றும் எழுதிக் கொடுத்தேன், எங்கிருந்து வரும் என்று யோசிக்காமலே.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் என்னால் மேலே எழுத முடியவில்லை. அந்தக் கிழமை என் கொப்பியில் எனக்கு வர வேண்டிய பாக்கி 340 பவுண்ட்ஸ் இருந்தது. எல்லாம் பிளவுஸ் தைத்து வாங்கிப் போனவர்கள், "அக்கா பிறகு தாறன்" என்றவர்கள். பிள்ளையின் சாமத்திய வீட்டுக்கு (பூப்பு நீராட்டு விழாவுக்கு) மண்டபம், ஹெலிகாப்டர், ஐந்து உடுப்பு மாற்றல் என்று ஆயிரக்கணக்கில் செலவழிப்பார்கள். விடிய விடிய முழித்திருந்து தைத்தவளுக்கு 25 பவுண்ட்ஸ் தர ஆறு மாதம். கேட்டால் முகம் சுருங்கும், அடுத்த தடவை வேறு ஆளிடம் போய்விடுவார்கள். கவுன்சில்காரன் என்னிடம் கேட்ட மாதிரி நான் யாரிடமும் கேட்டதில்லை. கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம், கோபம்தான், ஆனால் உண்மை.

படிவம் நிரப்பித் தருகிறேன் என்று நம் ஆட்களிடமே காசு வாங்குபவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் என்னிடம் 40 பவுண்ட்ஸ் வாங்கிக்கொண்டு, கவுன்சிலுக்குக் கடிதம் போட்டுவிட்டேன் என்றார். ஒரு கடிதமும் போய்ச் சேரவில்லை. இதே வேலையை சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை நிலையத்தில் இலவசமாகச் செய்து தருகிறார்கள். கடன் ஆலோசனை தரும் ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன் இரண்டும்கூட இலவசம். நான் பிஸ்கட் டின்னைக் கையோடு கொண்டுபோய் சிட்டிசன்ஸ் அட்வைஸ் மேசையில் வைத்தேன். அங்கிருந்த அம்மா ஒரு கத்தரிக்கோலால் ஒவ்வொரு உறையாக வெட்டி, தேதி வாரியாக அடுக்கினார். பதினொரு கடிதம். என்னைத் திட்டவில்லை.

அவர் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் பெரியவர்கள் எத்தனை பேர். நான் ஒருத்திதான் என்றேன். அப்படியானால் 25 வீதக் கழிவு உண்டு, கேட்டீர்களா என்றார். நான் கேள்விப்பட்டதே இல்லை. கணவர் போன நாளிலிருந்து கணக்குப் போட்டு, பழைய மாதங்களுக்கும் சேர்த்து எழுதினோம். 285 பவுண்ட்ஸ் குறைந்தது. இரண்டாவது, மெஷின். தொழிலுக்கு வேண்டிய கருவிகள் மொத்தம் 1,350 பவுண்ட்ஸ் பெறுமதி வரைக்கும் தொட முடியாது. உடுப்பு, படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்ற அத்தியாவசியங்களையும் தொட முடியாது. வேறு ஒருவருக்குச் சொந்தமான சாமானையும் முடியாது, ஆனால் அதற்கு ரசீது காட்ட வேண்டி வரும். அவர் கம்பனிக்கு போன் செய்து, மெஷினைப் பட்டியலிலிருந்து எடுக்க வைத்தார். என் வரவு செலவை எழுதிக் காட்டி, மாதம் 250 என்பதை 80 ஆக மாற்றினார். மொத்தம் 15 மாதம் கட்டினேன்.

வாசலில் கார் நிற்கிறதா உங்களுக்கு? நான் கார் ஓட்டுவதில்லை, அதனால் எனக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. கதவைத் திறக்காவிட்டாலும் வெளியே நிற்கும் வாகனத்துக்குப் பூட்டுப் போட அவர்களுக்கு அதிகாரம் உண்டு, அதை மட்டும் மறக்க வேண்டாம். இன்னொரு குழப்பமும் நம் ஆட்களிடம் இருக்கிறது. வெறும் கடன் வசூல் கம்பனிக்கு எந்த அதிகாரமும் கிடையாது, கடிதம் போடலாம், போன் செய்யலாம், அவ்வளவுதான். சூப்பர்மார்க்கெட் கார் பார்க்கில் தனியார் கம்பனி போட்ட டிக்கெட்டுக்கு வரும் கடிதம் அந்த வகை, கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தால்தான் பெய்லிஃபை அனுப்ப முடியும். கவுன்சில் போட்ட பார்க்கிங் டிக்கெட் அப்படி அல்ல, அது தன் வழியில் போய் பெய்லிஃபில் வந்து நிற்கும்.

கதவைத் திறக்காவிட்டால் கடன் போய்விடும் என்று மட்டும் யாரும் சொன்னால் நம்பாதீர்கள். ஃபைல் கவுன்சிலுக்குத் திரும்பும், பிறகு உங்கள் சம்பளத்திலிருந்தே பிடிக்கச் சொல்லி முதலாளிக்குக் கடிதம் போகலாம். சிறை என்று பயம் காட்டுவார்கள். இங்கிலாந்துச் சட்டத்தில் அது இருக்கிறது, மூன்று மாதம் வரைக்கும், ஆனால் கோர்ட் உங்கள் வருமானத்தை விசாரித்து, வசதி இருந்தும் வேண்டுமென்றோ, குற்றமான அலட்சியத்தாலோ கட்டவில்லை என்று கண்டால்தான். வேல்ஸில் 2019இல் அதையும் எடுத்துவிட்டார்கள். நான் பட்டபோது இல்லாத ஒரு வசதி இப்போது உங்களுக்கு இருக்கிறது: 2021 மேயிலிருந்து பிரீதிங் ஸ்பேஸ் என்று ஒன்று, கடன் ஆலோசகர் வழியாக விண்ணப்பித்துக் கிடைத்தால் 60 நாளைக்கு பெய்லிஃப் வர முடியாது.

நீங்கள் விசாவில் இருப்பவர் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். விசாவில் பொது நிதி (அரசு தரும் உதவிப் பணம்) கிடையாது என்று எழுதியிருந்தால், குறைந்த வருமானக்காரருக்கான கவுன்சில் டாக்ஸ் சப்போர்ட்டைக் கேட்கக் கூடாது, அது பொது நிதியில் சேரும். தனி ஆள் கழிவான 25 வீதம் அதில் சேராது, அதைத் தாராளமாகக் கேட்கலாம். முழுநேர மாணவரைப் பெரியவர் கணக்கில் எடுக்க மாட்டார்கள், ஆனால் அதற்குச் சான்றிதழ் அனுப்ப வேண்டும், நீங்கள் அனுப்பாமல் கவுன்சிலுக்குத் தெரியாது.

மகனுக்குப் போன வருடம் 18 ஆனது. 18 ஆனால் அவனும் பெரியவர் கணக்கில் வந்து என் கழிவு போய்விடும் என்று நான் பயந்தேன். முழுநேரம் படிக்கிற பிள்ளையைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்று அவன்தான் தேடிப் பார்த்துச் சொன்னான். யூனிவர்சிட்டிச் சான்றிதழை வாங்கி, கவுன்சிலுக்கு அவனே அனுப்பினான். பதில் கடிதம் என் பெயருக்கு வந்தது. வேலையால் வந்து செருப்பைக் கழற்ற முதல், படியில் நின்றே பிரித்துப் படித்தேன்.