'சிக்' வேறு, 'இல்' வேறு

தம்பி, கொழிஞ்சாம்பாறையிலிருந்து இங்கிலாந்தின் முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்கு வந்து மூன்று வாரம் என்கிறீர்கள். 'சிக்' (sick), 'இல்' (ill) என்ற ஆங்கிலச் சொற்கள் இரண்டுக்கும் அகராதி ஒரே பொருளைத் தருகிறதே, எதை எங்கே சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வேலந்தாவளத்துக்காரன், லங்காஷயருக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. இந்தக் குழப்பத்துக்குச் சம்பளத்தையே கொடுத்தவன்.

வந்த புதிதில் ஒரு நாள் நல்ல காய்ச்சல். மேலாளரை போனில் அழைத்து, 'ராத்திரி ஐ வாஸ் சிக்' என்றேன். 'எத்தனை தடவை?' என்றார். காய்ச்சலை எப்படி எண்ணுவது? விட்டுவிட்டு வந்ததால் 'மூன்று' என்றேன். இங்கே அதற்கு 'வாந்தி எடுத்தேன்' என்று பொருள். வாந்தியோ பேதியோ நின்று 48 மணி நேரம் ஆகும்வரை வேலைக்கு வரக்கூடாது என்பது விதி. மறுநாளே காய்ச்சல் விட்டும் வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

உடம்பு சரியில்லை என்றால் 'இல்'. இந்த வடக்குப் பக்கத்தில் 'புவர்லி' என்பார்கள். ஏழ்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விடுப்பு, சம்பளம் என்று வந்தால் மட்டும் 'ஆஃப் சிக்', 'சிக் பே'. ஏழு நாளைத் தாண்டினால் கொடுக்கும் மருத்துவச் சான்றுக்கோ 2010 முதல் 'ஃபிட் நோட்' என்று பெயர். முடியாதவனுக்குத் தரும் சீட்டுக்கு இப்படியொரு பெயர்! பாட்டி யாராவது 'ஐ ஃபீல் சிக்' என்றால் தெர்மாமீட்டரைத் தேடாதீர்கள், பாத்திரத்தோடு ஓடுங்கள்.

நம்மைப் போன்ற தமிழக-கேரள எல்லைக்காரர்களுக்கு இது புதிதா என்ன? பொள்ளாச்சி அத்தையைச் சித்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, மலையாள நர்ஸ் 'வேதன உண்டோ?' என்று கேட்டார். வயிற்று வலியைக் கேட்கிறார் என்று தெரியாமல், மகன் சொத்தைப் பிரித்துக் கேட்ட கதையை அத்தை அழுதுகொண்டே சொல்லி முடித்தார்.

வலிக்கான சொற்களையும் இப்படியே இடம் பார்த்துப் பிடியுங்கள். 'பெயின்' எல்லாவற்றுக்கும் பொது. கால் கடுக்கிறது, இடுப்பு உளைகிறது என்போமே, அந்த மந்தமான நோவு 'ஏக்'. தொட்டால்தான் வலிக்கிறது என்றால் 'டெண்டர்'. தோல் உரசி எரிந்தாலும் தொண்டை கரகரத்து வலித்தாலும் 'சோர்'. படுக்கையிலேயே கிடப்பவருக்கு முதுகில் வரும் புண் 'பிரஷர் சோர்'.

பதிவேட்டில் வெறுமனே 'பெயின்' என்று எழுதாதீர்கள். அவர் வாயிலிருந்து வந்த சொல்லையே எழுதி, எந்த இடம் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.